மொரிஷியஸ் போகும் மாணவர்களே, டூர் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்

நேற்றுதான் ஊர் வந்து சேர்ந்தோம், இன்னும் வயிறு எரிகிறது. 14,000 ரூபாய் போய்விட்டது. அது மொரிஷியஸ் ரூபாய், நம் காசுக்கு ஏறக்குறைய 26,000. நாங்கள் நான்கு பேரும் கல்லூரியில் படிப்பவர்கள், ட்யூஷன் எடுத்தும் ராத்திரியில் டெலிவரி வண்டி ஓட்டியும் சேர்த்த பணம் அது.

வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன டூர் புக்கிங் கடை. பெயரைப் போடவில்லை, அந்த மாதிரிக் கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன. கவுண்டரில் இருந்தவர் நெற்றி நிறைய விபூதியோடு "வணக்கம், தமிழா?" என்று எழுந்து நின்றார். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த குடும்பமாம். அவருக்கு நாலைந்து வார்த்தை தமிழ்தான் வரும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அதில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் நீவிக் காட்டி, "நீங்க நம்ம பிள்ளைங்க" என்றபோது எங்களுக்கு மனசு இளகிவிட்டது. வெளியூரில் நம் ஆள் ஒருவர் கிடைத்தால் யாருக்குத்தான் அப்படி இருக்காது?

ஒரு நாள் இல் ஓ சேர் தீவுக்குப் படகும் சாப்பாடும், மறுநாள் வேனில் தெற்குப் பக்கம் சுற்றல். கடல் சரியில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கார்டு மெஷின் ரிப்பேர் என்றார், 14,000 ரூபாயையும் கேஷாக எண்ணிக் கொடுத்தோம்.

அன்று ராத்திரியே காற்றும் மழையும். அங்கே நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம், 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் வெள்ளத்தில் அடித்துப்போன ஊர் அது. காலையில் கடைக்காரருக்குப் போன் செய்தால், வேன் வராது, நீங்களே பஸ்ஸில் படகு கிளம்பும் த்ரூ தோ தூஸ் ஊருக்குப் போய்விடுங்கள், படகு கண்டிப்பாகக் கிளம்பும் என்கிறார்! நனைந்துகொண்டே ஃப்ளாக் என்ற ஊரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. கரையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்த படகுக்காரர் எங்கள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எதுவும் போகாது, அதுவுமில்லாமல் அந்தக் கடையிலிருந்து எனக்கு புக்கிங்கே வரவில்லை என்றார்.

மறுநாள் வேன் மட்டும் வந்தது. ஷமரேல் ஏழு நிற மண்ணைப் பார்க்க நேரமில்லை என்று சொன்ன டிரைவருக்கு, க்யூர்பிப் ஊரில் கப்பல் பொம்மைக் கடையில் எங்களை வெகுநேரம் நிறுத்திவைக்க மட்டும் நேரம் இருந்தது. மழை யார் கையிலும் இல்லை, அதற்காக எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அதற்கப்புறம் நடந்ததுக்குத்தான்.

கடைக்காரரிடம் பணம் கேட்டால் முதலில் "நாளைக்கு". அப்புறம், காவடி லீவு, கணக்குப் பார்ப்பவர் இல்லை. அப்புறம், ஆறு மாதத்துக்குச் செல்லும் வவுச்சர் தருகிறேன், அடுத்த தடவை வரும்போது போய்க்கொள்ளுங்கள். மாணவர்கள் ஆறு மாதத்துக்குள் மறுபடி மொரிஷியஸுக்கு எங்கே போக? நாங்கள் தங்கியிருந்த ரோஸ் ஹில் வீட்டு அம்மா பாவம், தன் போனிலிருந்து அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அவர்களிடம் மட்டும் "திங்கட்கிழமை கட்டாயம், அக்கா" என்று குழைந்தார். திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. நாங்கள் விமானம் ஏறியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 14,000 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. மெஷின் ரிப்பேர் என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள், கேஷ் கொடுக்காதீர்கள். சுற்றுலா ஆணைய லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். ரீஃபண்ட் வார்த்தையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். படகை அன்று காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு த்ரூ தோ தூஸ் கரையிலேயே பேசிக்கொள்ளலாம். ஏமாந்துவிட்டால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சுற்றுலாப் போலீஸிடம் போய்விடுங்கள். எங்களைத் "திங்கட்கிழமை" என்று இழுத்தடித்ததே அங்கே போகவிடாமல் செய்வதற்குத்தான்.