கள்ளத் தீர்க்கதரிசி, கை மீறிய நரபலி: ஒரு ஒன்-ஷாட் சாகசம் பற்றி

இந்தச் சாகசத்தின் பெயரை எழுதப் போவதில்லை. முக்கியமான திருப்பங்களையெல்லாம் கீழே போட்டு உடைக்கப் போகிறேன், பெயரையும் சொல்லிவிட்டால் இனிமேல் விளையாட இருப்பவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்காக எழுதப்பட்ட, ஒரே மூச்சில் விளையாடி முடிக்கக்கூடிய ஒன்-ஷாட், பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. தீயைக் கும்பிடும் ஒரு ரகசியக் கூட்டம், அதற்கு ஒரு கள்ளத் தீர்க்கதரிசி, நள்ளிரவில் நரபலி. அட்டையைப் பார்த்தால் புளித்துப்போன கதை மாதிரிதான் தெரியும்: போ, வில்லனை அடி, கட்டிவைத்த ஆளை அவிழ்த்துவிடு, முடிந்தது.

ஆனால் இதில் தீர்க்கதரிசிக்கு ஒரு மந்திரம்கூடத் தெரியாது. அவனுடைய ஸ்டாட் பிளாக்கை, அதாவது பலத்தைச் சொல்லும் எண்பட்டியலைப் பார்த்தால் சாதாரண ஊர்க்காரன், இரண்டு அடி விழுந்தால் சுருண்டுவிடுவான். அவனிடம் இருப்பதெல்லாம் கைவேலை. அங்கியின் கைமடிப்பில் மயில்துத்தப் பொடி வைத்திருக்கிறான், அதைத் தூவினால் தீ பச்சையாக எரியும், கடவுள் வந்துவிட்டார் என்று கூட்டம் தரையில் விழும். வாய்க்குள் இரண்டு பக்கமும் துளை போட்ட கொட்டை ஓடு, அதற்குள் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு, மெதுவாக ஊதினால் பேச்சோடு சேர்ந்து பொறி பறக்கும். இந்தக் கொட்டை வித்தை எழுதியவரின் கற்பனை இல்லை. கி.மு. 135 வாக்கில் சிசிலியில் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்த யூனஸ் என்கிற சிரியாக்காரன் இதைத்தான் காட்டினான் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் அவன் பின்னால் போனார்கள், ராஜா என்று முடிசூட்டிக்கொண்டான், ரோமப் படை அதை அடக்கி முடிக்க கி.மு. 132 ஆகிவிட்டது. அதனால் ஒரு கொட்டை ஓட்டை வைத்து ஊரையே ஏமாற்ற முடியுமா என்று உங்கள் பிளேயர்களில் யாராவது கேட்டால், முடிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சாகசத்தின் உயிர் எங்கே இருக்கிறதென்றால், இத்தனை வருடத்தில் இந்த ஆள் ஒருத்தரையும் எரித்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் துணி சுற்றிய மூட்டைக்குள் ஆட்டை வைத்துவிட்டு, பலிக்கு வந்தவனைப் பின்வாசல் வழியாக வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, கருகிய எலும்பைக் காட்டிக் காணிக்கை வாங்கிப் பிழைத்திருக்கிறான். இந்த முறை பஞ்சம். கூட்டமே ஆளைக் கொண்டுவருகிறது, கூட்டமே கட்டுகிறது, கூட்டமே விறகு அடுக்கி, கத்தியைக் கொண்டுவந்து அவன் கையில் திணிக்கிறது. ஆளை மாற்ற வழியே இல்லை. இன்று நாள் சரியில்லை என்கிறான், நாள் குறித்துக் கொடுத்ததே நீங்கள்தானே குருவே என்கிறார்கள். தீக்கு இன்னும் பசி எடுக்கவில்லை என்கிறான், எண்ணெய்க் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றுகிறார்கள். அவன் சொல்லும் ஒவ்வொரு சாக்கையும் அவர்கள் பக்தியோடு தீர்த்துவைக்கத் தீர்த்துவைக்க, அவனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, அந்த வியர்வையையும் கடவுள் இறங்கும் அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தை மட்டும் தனியாக விற்றாலும் வாங்குவேன்.

இதை விதியாகவும் செய்திருக்கிறார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். தீக்கு ஒரு அளவு, கூட்டத்தின் மேல் தீர்க்கதரிசிக்கு இருக்கும் பிடிக்கு ஒரு அளவு. ஒவ்வொரு ரவுண்டிலும், அதாவது எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வந்து முடியும்போதெல்லாம், தீ ஏறும், பிடி இறங்கும், பிளேயர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் சரி. பிடி பூஜ்யத்துக்கு வந்ததும் சடங்கு அவன் கையை விட்டுக் கூட்டத்தின் கைக்குப் போய்விடும், அதற்கப்புறம் அவன் ஓடச் சொன்னாலும் யாரும் ஓட மாட்டார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், வழக்கம்போல வந்ததும் வராததுமாக வில்லன் மேல் அம்பு விட்டால் பிடி ஒரே அடியில் பூஜ்யம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, கூட்டத்துக்குக் கடைசியாக இருந்த ஒரே கடிவாளத்தையும் அறுத்துவிடுவீர்கள்.

எங்கள் டேபிளில் திருடன் கேரக்டர் ஆடியவர் அடிதடிக்கே போகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு, "குருவே, தீ உங்களைச் சுடாது என்று சொன்னீர்களே, நீங்களே முன்னால் இறங்குங்களேன், நாங்கள் பின்னாலேயே வருகிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம், அப்புறம்தான் அது எவ்வளவு பயங்கரமான வரி என்று உறைத்தது, ஏனென்றால் கூட்டம் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாது. சும்மா கேட்டுவிட்டுப் போகிற வசனத்துக்கு என்ன ஆகும் என்று மாட்யூலில், அதாவது இந்தச் சாகசப் புத்தகத்தில், தனியாகக் குறிப்பு கிடையாது, ஆனால் இரண்டு அளவுகளும் இருப்பதால் தீர்மானிக்கச் சிரமமே இல்லை: பிடி மளமளவென்று இறங்கியது, தீர்க்கதரிசி பின்வாங்கினான், நாலு பேர் அவன் தோளைப் பிடித்து மரியாதையாக, மிக மரியாதையாக, முன்னால் நகர்த்தினார்கள். பைபிளில் கர்மேல் மலையில் எலியா என்கிற தீர்க்கதரிசி, பாகால் என்கிற வேறொரு சாமியின் 450 தீர்க்கதரிசிகளை எல்லோர் முன்னாலும் வைத்துக் கேலி செய்வதும் கிட்டத்தட்ட இதே உத்திதான், உன் சாமி நெருப்பை அனுப்பட்டும் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது. இங்கே அந்த 450 பேரில் ஒருவனைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் நம் தலையில் விழுகிறது, அதுதான் வித்தியாசம்.

அடுத்தது கதவு. கோயில் கதவைத் தீதான் திறக்கிறது. பீடத்தில் நெருப்பு மூட்டினால் அடியில் இருக்கும் காற்று சூடாகி விரிந்து, கோளத்தில் இருக்கும் தண்ணீரைத் தொங்கும் வாளிக்குள் தள்ளும், வாளி கனத்துக் கீழே இறங்கும்போது கயிறு கதவின் அச்சைச் சுழற்றும். தீ அணைந்து காற்று சுருங்கினால் தண்ணீர் திரும்பிப் போய்விடும், எதிர்எடை கதவை மூடிவிடும். முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹீரோன் எழுதிவைத்த கருவி இது. பெரும்பாலான மாட்யூல்களில் இப்படி ஒன்று இருந்தால் அலங்காரத்துக்கு இருக்கும், இங்கே அதன் மேல்தான் கிளைமாக்ஸே நிற்கிறது. ஐந்தாம் பதிப்பு ஆடியவர்களுக்குத் தெரியும், தண்ணீர் உண்டாக்கும் மந்திரம் முதல் நிலை கிளெரிக்குக்கே (சாமியிடமிருந்து மந்திர சக்தி பெறும் கேரக்டர்) கிடைக்கும், முப்பது அடிக் கனசதுரத்தில் மழையாகப் பெய்து மூடாமல் எரியும் தீயையெல்லாம் அணைத்துவிடும். ஒரு முதல் நிலை மந்திரத்தில் சாகசம் படுத்துவிடுமே என்று படிக்கும்போதே தோன்றுகிறதா? அணையுங்கள் தாராளமாக. தீ போனதும் மூன்றே ரவுண்டில் கதவு மூடிக்கொள்ளும், உள்ளே இருட்டு, புகை, சாமியைக் கொன்றுவிட்டார்கள் என்று கொதிக்கிற இருநூறு பேர், நடுவில் நீங்கள். எரியவிட்டால் கட்டிவைக்கப்பட்டிருப்பவன் போவான், அணைத்தால் வெளியே போக வழியில்லை.

குறைகளும் உண்டு. பலிக்குக் கட்டிவைத்திருக்கும் ஆளுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. "காப்பாற்றுங்கள்" என்று கத்துவதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை, கட்டிவைத்த சாக்குமூட்டைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் அவனை விரும்பி வந்தவனாக மாற்றிவிட்டேன்: தான் எரிந்தால் மழை வரும் என்று மனதார நம்புகிறவன், அவிழ்க்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறவன். தீர்க்கதரிசி நடுங்கிக்கொண்டு நிற்க, இவன் அவனுக்குத் தைரியம் சொல்கிறான். சடங்கு இன்னும் மோசமாகக் கை மீறுகிறது, காட்சி பல மடங்கு நன்றாகிறது. நீங்கள் நடத்துவதாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை. படங்களில் இந்தக் கூட்டத்துக்குப் பாரசீக உடையும், வாயை மூடும் வெள்ளைத் துணியும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளைத் துணி, பழைய பாரசீக மதமான ஜொராஸ்டிரியத்தின் குருமார்கள் தங்கள் மூச்சுக்காற்றும் எச்சிலும் புனிதத் தீயைத் தீட்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிக்கொள்வது. தீயில் பிணம் பட்டால் அதைவிடப் பெரிய தீட்டு இல்லை என்பதால் காலகாலமாக இறந்தவர்களையே எரிக்காமல் வந்த மரபு அது. அவர்களுடைய உடையைப் பிடுங்கி நரபலிக் கூட்டத்துக்குப் போடுவது சோம்பேறித்தனம், கொஞ்சம் அசிங்கமும்கூட. கதைக்கு அந்த உடை தேவையே இல்லை, கரி பூசிய முகங்கள் என்று மாற்றிச் சொன்னாலே போதும்.

வரைபடம் சுமார். பீடத்துக்கும் கதவுக்கும் எத்தனை அடி என்பது படத்தில் ஒன்று, எழுத்தில் ஒன்று, அந்த மூன்று ரவுண்டு கணக்கே தூரத்தை வைத்துத்தான் என்பதால் முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தீக்காய அட்டவணையை நான் தொடவே இல்லை, அத்தனை நுணுக்கம் நாலு மணி நேர ஆட்டத்துக்கு வேண்டாம். உயிரோடு தப்பித்தால் தீர்க்கதரிசி என்ன ஆவான் என்பதற்கு ஒரே ஒரு பத்தி, அதுவும் "கேம் மாஸ்டரின் விருப்பம்" என்று ஆட்டத்தை நடத்துகிறவர் தலையில் போட்டுக் கை கழுவிவிடுகிறது.

நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தீர்க்கதரிசிக்குக் கம்பீரக் குரல் கொடுக்காதீர்கள். முதல் வசனம் மட்டும் கணீரென்று இருக்கட்டும், அதற்கப்புறம் ஒவ்வொரு ரவுண்டிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரட்டும், கடைசியில் பக்கத்தில் நிற்கிற பிளேயருக்கு மட்டும் கேட்கிற மாதிரி "வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்று கெஞ்சட்டும். எங்கள் டேபிளில் அதுவரை அவனைக் கொல்லத் துடித்துக்கொண்டிருந்த பாலடின் (சபதம் எடுத்த வீரன் கேரக்டர்) அந்த இடத்தில் கத்தியை உறைக்குள் போட்டுவிட்டார்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு ஆட வேண்டாம், எரிகிற காட்சியை எழுத்தில் கொஞ்சம் அதிகமாகவே விவரித்திருக்கிறார்கள், பெரியவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்கினால் திரையிலேயே படியுங்கள், பக்கம் முழுக்கக் கறுப்புப் பின்னணி, பிரிண்ட் எடுத்தால் மை பாதி அதிலேயே போய்விடும்.