வேலூரில் பீடிங் பிரா: எந்த வகைக்கு எவ்வளவு கொடுக்கலாம்

பிரசவத்துக்கு முன்னால் பீடிங் பிரா இரண்டே இரண்டு வாங்கினால் போதும். வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரிப் பையோடு சேர்த்து ஒரே அளவில் அரை டஜன் வாங்கி அடுக்கிவிடும் வீடுகள் நிறைய. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் பாதி அலமாரியில் சும்மா கிடக்கும்.

அளவு மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். கடைசி மாதங்களில் கர்ப்பப்பை மேலே தள்ளுவதால் விலாக்கூடு விரிகிறது. மார்பின் கீழ்ச்சுற்று கூடுகிறது. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பால் இறங்கும்போது மார்பு கல்லாக வீங்கி ஒன்றிரண்டு கப் அளவு ஏறிவிடும். பிறகு குழந்தை குடிப்பதற்கு ஏற்பச் சுரப்பு ஒழுங்குபட்டு, ஆறு வாரத்தை ஒட்டி ஒரு நிலைக்கு வரும். அதற்குள் விலாவும் மெல்ல ஒடுங்கியிருக்கும். ஒன்பதாம் மாதத்து அளவை நம்பி மொத்தமாக வாங்கினால் கப் போதாமலும் கீழ்ப்பட்டை தொளதொளவென்றும் நிற்பது இதனால்தான். 36ஆவது வாரத்தை ஒட்டி இரண்டு மலிவானவை வாங்குங்கள். குழந்தைக்கு ஆறு வாரம் ஆவதை ஒட்டி நல்லதாக இன்னும் இரண்டு. 180 ரூபாயில் இரண்டும் 500 ரூபாயில் இரண்டும் என்றால் 1360 ரூபாய். முன்கூட்டியே 500 ரூபாயில் ஐந்து வாங்கினால் 2500.

அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டும். லாங் பஜார், மெயின் பஜார் பக்கத்துக் கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இருக்காது. உள்ளாடையை மாற்றியும் தரமாட்டார்கள். கவுண்ட்டரில் ஆண்கள் நின்றால் பல பெண்கள் கூச்சப்பட்டு, எடுத்துக் காட்டிய முதல் பெட்டியையே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கூச்சமே வேண்டாம். 'பீடிங் பாடி, பின்னால கொக்கி, கப்பு தனியா திறக்கணும்' என்று சொன்னால் போதும், சரியானதை எடுத்துப் போடுவார்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அதே பெட்டி எண்ணைச் சொல்லி மற்றதை வாங்குவது இன்னும் நல்லது.

இஞ்ச் டேப்பை மார்புக்கு அடியில் சுற்றி, மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒரு அளவு. மார்பின் மேடான இடத்தில், டேப் அழுத்தாமல் தொட்டு நிற்கும்படி இன்னொரு அளவு. இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'என் சைஸ் இது' என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நம் ஊரில் பல கம்பெனிகள் கீழ்ச்சுற்றோடு நான்கைந்து இஞ்ச் கூட்டித்தான் எண் போடுகின்றன. கீழ்ச்சுற்று 30 இஞ்ச் என்றால் பெட்டியில் 34 என்று இருக்கும். ஆன்லைனில் விற்கும் சிலவற்றில் 30 என்றால் 30தான். டேப்பில் 30 வந்தது என்று கடையில் போய் 30 கேட்டால் மூச்சு முட்டும் அளவு கைக்கு வரும். பெட்டியின் பின்னால் அச்சிட்ட அட்டவணையில் கீழ்ச்சுற்றைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே உள்ள எண்ணை வாங்குங்கள்.

பஜார் சரக்கில் இன்னொரு குறை: பல பெட்டிகளில் 34, 36 என்று மட்டும் இருக்கும், கப்பின் அளவைச் சொல்லும் B, C போன்ற எழுத்தே இருக்காது. மார்பு பெருத்ததும் கப் போதவில்லை என்று ஒரேயடியாக 38, 40க்குப் போனால் கீழ்ப்பட்டை முதுகில் ஏறிக்கொள்ளும். பாரம் முழுவதும் தோளில் இறங்கி ஸ்ட்ராப் பள்ளம் விழும். தாங்க வேண்டியது கீழ்ப்பட்டைதான், ஸ்ட்ராப் அல்ல. ஆகவே கப் எழுத்து போட்ட பெட்டியைத் தேடி, கீழ்ப்பட்டை எண்ணை அப்படியே வைத்து, கப்பை மட்டும் ஓர் எழுத்து கூட்டுங்கள். கர்ப்ப காலத்தில் வாங்கும்போது கடைசிக் கண்ணில், அதாவது மிகத் தளர்வான கொக்கிக் கண்ணில், சரியாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ஒவ்வொரு கண்ணாக உள்ளே வரலாம். கடைசிக் கண்ணிலும் பிடித்தால் ஃபேன்சி ஸ்டோரில் கொக்கி எக்ஸ்டென்டர், அதாவது பின்கொக்கியோடு சேர்த்து மாட்டும் கூடுதல் பட்டை, கிடைக்கும்; அதை மாட்டி ஒன்பதாம் மாதத்தை ஓட்டிவிட்டு, பின்னால் கழற்றிவிடலாம். குறைந்த செலவில் இவ்வளவு உதவும் பொருள் வேறில்லை.

இனி வகைகள். மிக மலிவானது, ரவிக்கை மாதிரி நடுவில் வரிசையாகக் கொக்கி வைத்தது. 120 முதல் 200 ரூபாய்க்குள் பஜாரில் கிடைக்கும். கையில் டிரிப்ஸ் ஊசி குத்தியிருக்கும்போதும், சிசேரியன் முடிந்து பின்னால் கை வளைக்க முடியாதபோதும் இதைவிட வசதி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மூன்று நான்கு நாளைக்கு இதுவே போதும். ஆனால் ஒரு பக்கம் கொடுக்க முழுவதையும் திறக்க வேண்டும். அடுத்த பக்கம் தாங்கல் இல்லாமல் பால் ஒழுகும், உள்ளே வைத்த துணியும் விழுந்துவிடும். பின்னால் கொக்கி கிடையாது என்பதால் சுற்றளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது, எக்ஸ்டென்டரும் மாட்டாது. அடிக்கொக்கியை மட்டும் திறந்து கப்பை மேலே ஏற்றிவிட்டுப் பால் கொடுப்பவர்கள் உண்டு. அது கூடாது. ஏற்றிவிட்ட விளிம்பு மார்பின் மேல்பகுதியை அழுத்துவதால் அந்த இடத்தில் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். சாதாரண பிராவை மேலே தூக்கிவிட்டுக் கொடுப்பதிலும் இதே ஆபத்துதான்.

அடுத்தது, கப்பின் மேல் மூடி போலத் திறக்கும், டிச் பட்டன் வைத்த வகை. 150 முதல் 250 வரை. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மெல்லிய துணியில் அடியில் பட்டி வைக்காமல் பட்டனை அடித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பிடித்து இழுத்தால் பட்டன் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். பட்டனுக்குப் பின்னால் இரட்டைத் துணியோ நாடாவோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மூடிக்கு உள்ளே இருக்கும் ஓட்டையையும் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவுக்கு வட்டமாக வெட்டியிருந்தால் வைத்துவிடுங்கள்: அந்த விளிம்பு மார்பைச் சுற்றி இறுக்கும், குழந்தையின் மூக்கும் தாடையும் துணியில் முட்டும், வாய் நிறையக் கவ்வ முடியாமல் காம்பை மட்டும் பிடித்து இழுக்கும். காம்பு வெடிப்பதற்கு இப்படித் தவறாகக் கவ்வுவதுதான் முக்கியக் காரணம்.

காசு போடத் தகுந்தது, ஸ்ட்ராப்பில் கிளிப் வைத்து, கப் முழுவதும் கீழே இறங்கும் வகை. கம்பெனி சரக்கு ஏறக்குறைய 400 முதல் 700. இதிலும் உள்ளே, கப் இறங்கினாலும் மார்பைத் தாங்கி நிற்கும் ஒரு சட்டத்துணி இருக்கும். அது மார்பின் ஓரத்தோடு போகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரத்தோடு போவதே சரி. கிளிப்பைக் கடையிலேயே ஒரு கையால் பத்துத் தடவை கழற்றி மாட்டுங்கள், அதுவும் இடது கையாலும் வலது கையாலும் மாற்றி மாற்றி. வீட்டில் மற்றக் கையில் குழந்தை இருக்கும். மாட்டும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். பிளாஸ்டிக்கின் ஓரத்தில் பிசிறு இருந்தால் குழந்தையின் கன்னத்தைக் கீறும். ஸ்ட்ராப் அரை இஞ்சுக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். முக்கால் இஞ்ச் நல்லது. பின்கொக்கி மூன்று வரிசையாவது இருக்கட்டும்.

கிளிப்பே இல்லாமல், குறுக்கே மடிந்து, இழுத்து ஒதுக்கினால் திறக்கும் பனியன் துணி வகை இரவுக்கு மட்டும் ஏற்றது. பெரிய மார்புக்குத் தாங்காது. ஃபோம் வைத்ததை எந்த விலைக்கும் நம் ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்: பாலைக் குடித்துக்கொண்டு, காயாமல், இரண்டு நாளில் புளித்த வாடை அடிக்கும். கம்பி வைத்ததும் வேண்டாம். பால் கட்டும் நாட்களில் கம்பி ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே கட்டி விழ இடமுண்டு. கட்டிய இடம் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் பிராவை மாற்றியதோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

துணி விஷயத்தில் வேலூர் வெயில்தான் தீர்ப்பு சொல்லும். மே மாதத்தில் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் ஊரில், பச்சை உடம்போடு காற்றாடாத அறையில் இருக்கும் பெண்ணுக்கு நைலான் லேஸ் வைத்தது தண்டனை. மார்புக்கு அடியில் வேர்த்து வேர்க்குரு வரும், தோல் வெந்துபோகும், பிறகு படைபோல அரிக்கும். 'காட்டன்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தையல் நூலை விட்டுவிட்டு, உள்தையல் ஓரத்தில் துணியிலிருந்தே பிரிந்த இழை ஒன்றை வெட்டித் தனியே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கருப்பு மணியாகத் திரண்டால் கலப்படம். நெய்த பருத்தி முதல் சலவையில் சுருங்கும், பனியன் துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆகவே நெய்த துணியில் ஒரு விரல் தளர்வோடு எடுங்கள். அடர்ந்த நிறமானால் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது குழந்தையின் வாய்க்கும் போகும்.

நைட்டியோடு பொருந்துகிறதா என்பதை யாரும் யோசிப்பதில்லை. பீடிங் நைட்டியில் இரண்டு பக்கமும் நெடுக ஜிப் இருக்கும். நடுவில் கொக்கி வைத்த பிராவை அந்த ஜிப் வழியாகத் திறக்கவே முடியாது. அதற்குக் கிளிப் வகைதான் சரி. நடு ஜிப் நைட்டிக்கும் முன்கொக்கி ரவிக்கைக்கும் இரண்டுமே ஒத்துவரும். தாலிச்சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடுங்கள். கிளிப்பிலும் கொக்கியிலும் மாட்டிக்கொள்ளும், குழந்தையின் முகத்திலும் குத்தும். வயிற்றுக்குத் துணி கட்டும் வீடுகளில் அதன் மேல்விளிம்பு பிராவின் கீழ்ப்பட்டைக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அங்கேதான் முதலில் தோல் புண்ணாகும். பால் கட்டியிருக்கிறது என்று மார்பையும் இறுக்கிக் கட்டுவது கெடுதலே.

பால் ஒழுகுவதற்கு மெடிக்கலில் விற்கும் ஒருமுறை பேடு வெளியே போகும் நாளுக்கு இருக்கட்டும். வீட்டில் இருக்கும்போது பழைய வேட்டித் துணியே நல்லது. நான்கு இஞ்ச் குறுக்களவுள்ள வட்டமாக வெட்டி, ஐந்தாறு மடிப்பு அடுக்கி, ஓரம் தைத்துப் பன்னிரண்டு செய்து வையுங்கள். நனைந்ததும் மாற்ற வேண்டும். ஈரத்திலேயே ஊறினால் காம்பு வெடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். இதற்காகக் கப்பில் கால் இஞ்ச் இடம் விட்டே அளவு பாருங்கள்.

வாங்கியதைப் பிரசவத்துக்கு முன்பே இரண்டு முறை அலசிவிடுங்கள். புதுத்துணியின் மொடமொடப்பு போகும், சுருங்குவது முன்பே சுருங்கிவிடும், பொருந்தவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் துணி அட்டையாக விறைக்கும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் வேண்டாம். பருத்தி ஈரம் உறிஞ்சுவதை அது குறைக்கும். பிழியாமல் உதறி, கப்பைப் பிடித்துத் தொங்கவிடாமல் கீழ்ப்பட்டையைக் கொடியில் போட்டு, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது என்று துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் பழக்கத்தை இந்த ஒரு வருஷமாவது விட்டுவிடுங்கள். அரை ஈரத்தோடு போட்டால் அரிப்பு நிச்சயம். கொக்கியில் துருப் புள்ளி தெரிந்தால் தையற்கடையில் கொடுத்து மாற்றிவிடலாம். எலாஸ்டிக் தளர்ந்து, உள்கண்ணில் மாட்டியும் கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அதைக் கழித்துவிட்டு, அன்றைய அளவை மறுபடி டேப்பில் எடுத்துக்கொண்டுதான் அடுத்ததை வாங்கப் போக வேண்டும்.

இரவில் தூங்கும்போதும் பிரா போட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தினால், அது கட்டாயம் இல்லை. பிரா போடாமல் தூங்குவதால் பால் சுரப்பு குறையாது. புழுக்கமான இரவில் தளர்ந்த பருத்தி நைட்டியும் உள்ளே ஒரு மடித்த துணியும் போதும்.