'ஷோபீஸ்' என்று விற்கும் பழைய .303 ரைஃபிள்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

"பழைய மிலிட்டரி .303, சுடாது, லைசென்ஸ் தேவையில்லை, சுவரில் மாட்டிக்கலாம்." இப்படிச் சொல்லி ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். ராணுவப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தயவுசெய்து உஷாராக இருங்கள். நான் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து அந்த ரைஃபிளிலேயே இருக்கிறது.

பொருள் ஒரிஜினல்தான். பின்கட்டையைப் பிடித்திருக்கும் இரும்பில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. (அன்றைய மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் எழுத்துகள்), இஷாப்பூர், 1942 என்ற முத்திரைகள் தெளிவாக இருந்தன. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் உலகப்போர் சமயத்தில் செய்த லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். இந்த முத்திரையைத்தான் அவர் பெரிதாகப் படமெடுத்து அனுப்புவார். துப்பாக்கியின் அடையாள நம்பர் இருக்கும் இடம் எந்தப் படத்திலும் வராது.

நேரில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. தோட்டா உட்காரும் சேம்பரிலோ போல்ட் முகத்திலோ, சுட முடியாதபடி ஆக்கும் எந்த வேலையும் செய்யவில்லை. பேரல் (குழல்) வாயில் மட்டும் கொஞ்சம் ஈயம். சேம்பர் மேல் 'டி.பி.' என்று குத்தியிருந்தது. டிரில்லுக்கு மட்டும் என்று அர்த்தம், என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சுற்றிலும் பழைய இரும்பு கறுத்துக் கிடக்க, அந்த இரண்டு எழுத்தின் பள்ளம் மட்டும் பளபளத்தது. புதிதாகக் குத்தியது, வேறென்ன? போல்ட் கைப்பிடியில் ஒரு நம்பர் இருந்தது. ரிசீவரில் (போல்ட் ஓடும் உடல் பகுதி) அதே நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டு ராவிய கோடுகள், மேலே கறுப்புப் பெயின்ட்.

கேட்டதற்கு, "பழங்காலப் பொருளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கு சார்" என்றார் வாய் கூசாமல். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பழையதாக இருந்தால் மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படவே முடியாததாக இருக்க வேண்டும். அந்தப் பாதி வாக்கியத்தை இவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். வாயில் ஈயம் அடைத்த ரைஃபிளை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது?

அதுவும் .303 தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸ் இருந்தாலும் வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. நம்பர் அழித்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாக 8-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ராவியவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், மாட்டிக்கொள்வது வீட்டுச் சுவரில் மாட்டியவர்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பில் கேட்டேன். 'அலங்காரப் பொருள்' என்று எழுதி நீட்டினார். ரைஃபிள் என்ற சொல்லே இல்லை, நம்பரும் இல்லை. வேண்டாம் என்று திரும்பி வந்தேன். முன்பணத்துக்கு முதலில் நாளை, நாளை என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை.

இவரிடமோ இவரைப் போன்றவர்களிடமோ ஏற்கெனவே வாங்கியவர்கள், பயந்துபோய் வேறொருவர் தலையில் கட்டவோ கிணற்றில் போடவோ வேண்டாம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் மூலமாகவே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். விற்றவர் அனுப்பிய படங்களையும் பணம் கட்டிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.