கார் போயிடுச்சு, பேர் போகலை: டர்பனில் பழைய கார் விற்க மூன்று வழிகள்

என் பழைய டொயோட்டா டாஸ் காரை விற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுத் தபால் பெட்டியில் ஒரு கடிதம். நம் ஊர்த் தபால்காரர் எதைக் கொண்டுவராவிட்டாலும் ஃபைனை மட்டும் எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிடுவார். பிரித்தால், என்3 நெடுஞ்சாலையில் வேகக் கேமரா எடுத்த படம். பின்கண்ணாடியில் நான் தைப்பூசத்தன்று ஒட்டிய வேல் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிகிறது. ஓட்டுபவரின் முகம் தெரியவில்லை. பெயர், அடையாள எண், முகவரி மூன்றும் என்னுடையவை.

தப்பு என் மேல்தான். வாங்க வந்த பையன் நல்லவனாகத் தெரிந்தான். "கவலைப்படாதீங்க அங்கிள், பேப்பர்ஸை நான் மாத்திக்கிறேன்" என்றான். கையெழுத்துப் போட்ட படிவத்தையும் சாவியையும் ஒன்றாகக் கொடுத்தேன். அவன் மாற்றவே இல்லை. அதனால் கொரோல்லாவை விற்கும் நேரம் வந்தபோது விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த வழியில் விற்றால் பேப்பரும் ஃபைனும் யார் தலையில் விழும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் பேப்பர் விஷயம். காரின் பதிவுச் சான்றிதழை ஆர்சி 1 என்கிறார்கள். அதில் உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர், வண்டியின் உரிமையாளர் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். கடன் இல்லாத வண்டி என்றால் இரண்டும் நீங்களே. கடன் இருந்தால் முதல் பெயர் வங்கியுடையது, சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கும். அப்புறம் என்சிஓ படிவம். "இந்த வண்டி என் கையை விட்டு இன்னாருக்குப் போய்விட்டது" என்று விற்பவர் லைசென்சிங் அலுவலகத்துக்குச் சொல்லும் அறிவிப்பு அது. அதைச் சேர்ப்பது விற்பவர் பொறுப்பு. வாங்குபவர் பதிவுக்கு விண்ணப்பிக்கும் ஆர்எல்வி படிவம், ஆர்சி 1, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வர்த்தி சான்றிதழ், அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றோடு 21 நாளுக்குள் தன் பெயரில் பதிய வேண்டும். பல பேர் இந்த இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, மூன்று வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி கார் கடை. பழையதைக் கொடுத்துப் புதியது எடுப்பதும், நேரடியாகக் கடைக்கே விற்பதும் இதில்தான் வரும். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பலர் இதைத்தான் செய்கிறார்கள், காரணமும் நியாயமானது. வண்டியில் கடன் பாக்கி இருந்தால், வங்கியிடம் தீர்வுத் தொகைக் கடிதம் வாங்கி, பணத்தைக் கட்டி, சான்றிதழை மீட்கும் அலைச்சலைக் கடையே பார்த்துக்கொள்ளும். மீதிப் பணம் உங்கள் கணக்குக்கு வரும். ரோட்வர்த்தியும் அவர்கள் கவலை. ஆனால் என் கொரோல்லாவுக்குக் கடைக்காரர் சொன்ன விலை, நான் மனதில் வைத்திருந்ததைவிட 22,000 ராண்ட் குறைவு. கடனே இல்லாத வண்டிக்கு அந்த வசதிக்காக 22,000 கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கொடுத்தால் நிம்மதி என்பதும் முழு உண்மை இல்லை. அடுத்த ஆள் கிடைக்கும்வரை வண்டியைப் பழைய பெயரிலேயே விட்டுவைக்கும் கடைகள் உண்டு. டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துப் போகிறவர் சிவப்பு விளக்கைத் தாண்டினால் கடிதம் உங்களுக்குத்தான் வரும். ஆகவே கடைக்கு விற்றாலும் என்சிஓவை நீங்களே சேர்த்துவிடுங்கள், அல்லது அவர்கள் சேர்த்ததற்கான நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள். "சிஸ்டம் டவுன், அப்புறம் அனுப்புறோம்" என்றால், சிஸ்டம் எழுந்திருக்கும்வரை சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது வழிதான் நான் டாஸில் செய்தது: கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் வாங்குபவரிடமோ, லைசென்சிங் அலுவலக வாசலில் நின்று, காசுக்கு நமக்காக வேலையை முடித்துத் தரும் ரன்னரிடமோ கொடுத்துவிடுவது. வரிசையில் நிற்க வேண்டாம், அரை நாள் லீவு மிச்சம். இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எல்லா ரன்னரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலை முடிந்ததா இல்லையா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முதல் ஃபைன் வரும்போதுதான் தெரியும்.

மூன்றாவது வழி, தனியாருக்கு விற்று, வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு நாமே கவுன்ட்டருக்குப் போவது. அலைச்சல் அதிகம், விலையும் அதிகம். முதல் அலைச்சல் ரோட்வர்த்தி. அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். ஆள் கிடைக்கும் முன்பே எடுத்துவைத்தால், பேரம் முடிவதற்குள் காலாவதியாகிவிடும். ஆள் வந்த பிறகு எடுக்கலாம் என்றால், என் கொரோல்லா மாதிரி கைபிரேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த ஆள் வேறு வண்டி பார்க்கப் போய்விடுவார். நான் கண்டது, முதலில் மெக்கானிக்கிடம் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்துச் சரிசெய்துகொண்டு, ஆள் உறுதியானதும் சோதனைக்குக் கொண்டுபோவதுதான் கையைக் கடிக்காது.

தனியார் விற்பனையில் இன்னொரு வித்தியாசம். கடையில் வாங்குபவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதப் பாதுகாப்பு உண்டு. தனி ஆள் எப்போதோ ஒரு தடவை விற்கும் காருக்கு அது கிடையாது. "இருப்பது இருந்தபடி" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். இங்கே எல்லாரும் ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல்லால்தான் அதைச் சொல்வார்கள். ஆனால் தெரிந்த குறையை மறைத்தால் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது. கியர்பாக்ஸ் முனகுவதை நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். 3,000 ராண்ட் குறைத்தார்கள், குறைக்கட்டும்.

இப்போது ஃபைன். "கார் போனா ஃபைனும் அதோட போயிடும்" என்று பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் விற்பவர் வரைக்கும் சொல்லுவார். போகாது. ஃபைன் ஒட்டிக்கொள்வது வண்டியோடு அல்ல, அடையாள எண்ணோடு. விற்பதற்கு முன்னால் விழுந்தவை உங்களுடையவையாகவே இருக்கும், வாங்குபவர் அவற்றுக்குப் பொறுப்பில்லை. அதே மாதிரி, வாங்குபவர் பெயரில், கட்டாத ஃபைனுக்கான அமலாக்க ஆணை ஏதாவது நிலுவையில் இருந்தால், கவுன்ட்டரில் அவர் பெயருக்குப் பதிவு நடக்காமல் நின்றுவிடும். விற்பவர் இதை முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஊருக்கு ஊர் முறையும் வேறு. ஜோஹன்னஸ்பர்க்கிலும் ப்ரிட்டோரியாவிலும் 2008 முதல் ஆர்ட்டோ என்ற போக்குவரத்து ஃபைன் முறை. நோட்டீஸ் கைக்கு வந்து 32 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். நாடு முழுக்க அது வரும் என்று சொல்லும் தேதி பலமுறை தள்ளிப்போனது. டர்பனில் நான் வாங்கியது எல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி வந்த நோட்டீஸ்கள்தான். இதில் பேசாமல் இருந்தால் சம்மன் வரும், சம்மனுக்கும் போகாவிட்டால் பிடிவாரண்ட். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகும் வழியில் ரோட்பிளாக்கில் நிறுத்தி, வாரண்ட் இருக்கிறது என்று சொன்னால் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன விளக்கம் சொல்வது?

நீங்கள் ஓட்டாத வண்டிக்கு ஃபைன் வந்தால் இரண்டு வழி. சின்னத் தொகை, தொலையட்டும் என்று கட்டிவிடலாம். ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அடுத்த ஃபைனும் உங்களிடமே வரும். இல்லாவிட்டால் ஓட்டியவரின் விவரத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாம். டாஸுக்கு நான் இரண்டாவதைச் செய்தேன். காவல் நிலையத்தில் முத்திரை குத்தக் காசு வாங்குவதில்லை. பையனின் அடையாள அட்டையை அன்று போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், அது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். மூன்று ஃபைன்களில் இரண்டை அவன் பெயருக்கு மாற்றினார்கள். மூன்றாவதைக் கட்டித் தொலைத்தேன்.

கொரோல்லாவுக்கு மூன்றாவது வழியில்தான் போனேன். வாங்கியவர்கள் டோங்காட் பக்கத்துக் குடும்பம். பணம் கணக்கில் ஏறியதை வங்கி ஆப்பில் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். பணம் அனுப்பியதாக வரும் எஸ்எம்எஸ்ஸை நம்பக் கூடாது, போலி எஸ்எம்எஸ் இங்கே சர்வ சாதாரணம். வரிசையில் இரண்டே கால் மணி நேரம். என்சிஓவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை போட்ட நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அலுவலகக் கார் பார்க்கிலேயே அந்த அம்மா கைப்பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தார். ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒன்று. "நல்லா ஓடட்டும் தம்பி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மகன் வண்டியை நகர்த்தினான், பழங்கள் நசுங்கின. நான் கடிகாரத்தைப் பார்த்து, ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் தேதிக்குப் பக்கத்தில் 11.40 என்று எழுதி, இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். "இவ்வளவு எதுக்கு அங்கிள்?" என்றான் மகன்.

இரண்டு மாதம் கழித்துத் தபால் பெட்டியில் ஒரு கடிதம். அதே தேதி, பிற்பகல் 3.15. ஒப்பந்தத்தையும் முத்திரை போட்ட என்சிஓவையும் நகலெடுத்து, மறுநாள் காலையிலேயே காவல் நிலையத்துக்குக் கிளம்பினேன்.