பிகேஜி-கான்ஃபிக்: பழைய கருவிதான், ஆனாலும் விட முடியவில்லை
ஜிடிகே4 என்ற வரைகலை இடைமுக லைப்ரரியை வைத்து சி-யில் நிரல் எழுதுபவர்கள் ஹெடர் அடைவுகளைக் கம்பைலருக்குக் கையால் எழுதிக்கொடுக்க முயன்று பாருங்கள், அது சார்ந்திருக்கும் பேங்கோ, கெய்ரோ, ஜிலிப் லைப்ரரிகள் என்று வால் நீண்டுகொண்டே போகும். பிகேஜி-கான்ஃபிக்கிடம் லைப்ரரி பெயரைச் சொல்லி சிஃபிளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்கள்), லிப்ஸ் (லிங்கருக்கான விருப்பங்கள்) இரண்டையும் கேட்டால் முழு வரியும் வந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

எல்லாம் லைப்ரரியோடு வரும் குட்டி பிசி (.pc) கோப்பில் இருக்கிறது. அதை எழுதியவர் சொதப்பினால் கருவியும் சொதப்பும். லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டேடிக் லிங்க் செய்யும்போது இது நன்றாகவே தெரியும்: தனிச்சார்புகளுக்கான லிப்ஸ்-பிரைவேட் வரியை யாரோ நிரப்பாமல் விட்டிருப்பார்கள், லிங்கர் பக்கம் பக்கமாகத் திட்டும். வேறு வகைக் கணினிக்கான நிரலை இங்கே கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலில் இன்னொரு வம்பு. சிஸ்ரூட்டை (அந்தக் கணினிக்கான கோப்புகள் இருக்கும் அடைவை) மட்டும் சொன்னால் போதாது, பிசி கோப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் லிப்டிர் மாறியையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆர்ம் பலகைக்கான நிரலுக்கு உங்கள் லேப்டாப்பின் பிசி கோப்புகளைப் படித்துக்கொண்டிருக்கும்.

புதிதாகப் போடுபவர்கள் இதற்கு மாற்றாக வந்த பிகேஜிகான்ஃப் போடுங்கள். பழையதன் 0.29.2 பதிப்பு 2017-இல் வந்தது. அதற்கு ஜிலிப் வேண்டும், ஜிலிப்பை பில்ட் செய்ய அதுவே வேண்டும், இந்தக் கூத்துக்காக ஜிலிப் பிரதி ஒன்றைத் தன் மூலத்துக்குள்ளேயே சுமந்தது. புதியதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபெடோரா, டெபியன் 12 போன்ற லினக்ஸ் வெளியீடுகள் எல்லாம் புதியதற்கு மாறிவிட்டன, பழைய கட்டளைப் பெயரும் அப்படியே ஓடும், மேக்ஃபைலைத் தொடவே வேண்டாம்.