லோத், செலே பள்ளத்தாக்குகளில் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தென்மேற்கு பிரான்ஸில் லோத், செலே ஆறுகளை ஒட்டிய கிராமங்கள் வழியாகச் சைக்கிளில் சுற்றிவர நினைப்பவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் தங்குமிடம், சைக்கிள், வழித்தடம், பெட்டிகளை ஊருக்கு ஊர் கொண்டுசேர்க்கும் வேன் என்று எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்கும் இணைய நிறுவனங்களிடம் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள். அப்படி ஒரு நிறுவனம் என்னையும் என் மைத்துனரையும் ஏமாற்றிவிட்டது. எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், அதே வேலையைச் செய்யும் மற்றவர்களையும் நீங்கள் கண்டுகொள்ளலாம்.

விளம்பரத்தில் சொல்லியிருந்தது இதுதான்: கார்பன் சட்டகம் (ஃபிரேம்) கொண்ட சாலை சைக்கிள், மலையேற்றத்துக்கு ஏற்றபடி முன்னே 34 பல், பின்னே 32 பல் வரை இறங்கும் கியர், பெஷ் மெர்ல் குகைக்கு நுழைவுச் சீட்டு, கடைசி இரவு சேன்-சிர்-லாப்போப்பி கிராமத்துக்குள்ளேயே அறை. லோத் ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் ஊர் அது. 2012இல் பிரான்ஸ் மக்கள் தங்களுக்கு மிகப் பிடித்த கிராமமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊர். அந்த ஒரு இரவுக்காகத்தான் மற்ற நிறுவனங்களை விட்டுவிட்டு இவர்களிடம் போனோம்.

பாரிஸிலிருந்து ரயிலில் காவோர் வந்து இறங்கினோம். சைக்கிளை ஒப்படைக்க யாரும் வரவில்லை. விடுதியின் பின்புறக் கொட்டகையில் இரண்டு சைக்கிள்கள் சாத்திவைக்கப்பட்டிருந்தன. ஹேண்டில்பாரில் ஓர் உறை தொங்கியது. உள்ளே ஒரு தாள்: 'சைக்கிளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு வரவேற்பு மேசையில் கொடுத்துவிட வேண்டுமாம். சைக்கிள் கார்பன் இல்லை, பழைய அலுமினியம். முன்னே சிறிய வளையத்தில் 39 பல், பின்னே பெரியதில் 25 பல். மேடேறிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 34க்கு 32 என்றால் செங்குத்தான ஏற்றத்திலும் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். 39க்கு 25 என்றால் எழுந்து நின்று முழு உடம்பையும் பெடலில் சாய்க்க வேண்டும். என் சைக்கிளில் பின் கியரைத் தாங்கும் உலோகத் துண்டு லேசாக வளைந்து, அதைச் சுற்றிக் கீறலும் இருந்தது.

கையெழுத்துப் போடும் முன் வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படம் எடுத்தேன். அந்தத் தாளிலேயே குறைகளையும் எழுதி, அதையும் படம் எடுத்து, அன்றிரவே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் பதிவு செய்த குரல்தான் கேட்டது. ரயில் டிக்கெட், விடுதி எல்லாம் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை கிளம்பாமல் என்ன செய்வது?

செலே பள்ளத்தாக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. செலே ஆறு லோத்தில் கலக்கும் கோந்துஷேயில் தொடங்கி, டி 41 சாலை ஆற்றோடு வளைந்து வளைந்து ஃபிஜாக் நகரின் திசையில் போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மஞ்சள் கலந்த சுண்ணாம்புப் பாறை. பாறை குடையாக நீண்டிருக்கும் இடங்களில் அதன் கீழேயே வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். மர்சியாக்கில் பாதி இடிந்த பழைய மடாலயம், கூரையில்லாத சுவர்களோடு ஊரின் நடுவே அப்படியே நிற்கிறது. கார்கள் குறைவு. வருகிற ஓட்டுநர்களும் ஊருக்கு வெளியே சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற சட்டத்தை மதித்தே தாண்டிப் போனார்கள்.

பெஷ் மெர்ல் கப்ரரே கிராமத்துக்கு மேலே குன்றில் இருக்கிறது. 1922இல் சிறுவர்கள் இருவர் உள்ளே தவழ்ந்து போய்க் கண்டுபிடித்த குகை. ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகள் அதில் இருக்கின்றன. ஓவியங்களைக் காப்பதற்காக ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. கோடைக்காலத்தில் முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது கடினம். அந்தக் கியரை வைத்துக்கொண்டு மூச்சு முட்ட மேலேறினோம். நிறுவனம் கொடுத்த பதிவுத் தாளைச் சீட்டு கொடுக்குமிடத்தில் நீட்டினால், எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்றார்கள். தாளில் இருந்த எண் அவர்களுடைய எண்ணே இல்லை. வாசல்வரை போய்த் திரும்பினோம். அந்தக் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை காலமாக ஆசைப்பட்டவர் என் மைத்துனர். வாசலில் நின்று அவர் ஒன்றும் பேசவில்லை.

இறங்கும்போதுதான் விஷயம் விபரீதமானது. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று, "அத்தான், பிரேக் பிடிக்கவில்லை!" என்று கத்தினார். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் எனக்கே கேட்டது. நல்ல வேளையாக வளைவுக்கு முன் இடதுபக்கம் புல்மேடு இருந்தது. எதிரே வண்டி வரவில்லை. அதில் ஏற்றி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆற்றுப் பக்கம் சரிந்திருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஃபிஜாக்கில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் கட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்து பிரேக் பிடிக்க வேண்டிய பூச்சு முழுவதும் போய், பின்னால் இருக்கும் உலோகத் தகடு மட்டும் பளபளவென்று மிஞ்சியிருந்தது. ஓரங்களில் கத்திபோல் கூர்மை. "இது ஒரு நாளில் தேய்ந்தது இல்லை, ஐயா" என்றார். நான்கு கட்டைகளையும் மாற்றிக் கொடுத்து, பழையவை எந்த நிலையில் இருந்தன என்பதையும் ரசீதிலேயே எழுதித் தந்தார். அந்த ஒரு தாள் பின்னால் எங்களுக்கு வக்கீலைவிட அதிகம் உதவியது. பழைய கட்டைகளையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் லோத் கரையில் கஜார்க்கில் மதியம் நின்றபோது நிறுவனத்திடமிருந்து முதன்முறையாக ஒரு செய்தி வந்தது. சேன்-சிர்-லாப்போப்பியில் அறை இல்லையாம். பதிலாகக் காவோருக்கு வெளியே, பெரிய கடைகளும் டயர் கிடங்குகளும் உள்ள பகுதியில் நெடுஞ்சாலையோர விடுதியாம். பெட்டிகள் அங்கே போய்விட்டன. கூடவே புதிய வழித்தடக் கோப்பு. அதைத் திறந்து பார்த்தால், ஆற்றை விட்டு மேலே சுண்ணாம்புப் பீடபூமிக்கு ஏற்றி, லிமோஞ் வழியாக டி 911இல் கொண்டுபோய் விடுகிறது. லாரிகள் விரைகிற பிரதான சாலை அது. சைக்கிள்களில் விளக்கும் இல்லை. வெளிச்சம் குறைந்த பிறகு ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்டுபவர் ஒளி தெறிக்கும் மேலங்கி அணிய வேண்டும் என்பது பிரான்ஸ் சட்டம், அதையும் அவர்கள் தரவில்லை. அந்தச் சாலையில் நாங்கள் கால் வைக்கவில்லை. டாக்ஸி வைத்துக்கொண்டோம், சொந்தச் செலவில். எந்த ஊருக்காகப் பணம் கட்டினோமோ அந்த ஊரைப் பார்க்காமலே வந்துவிட்டோம்.

இத்தனைக்கும் பிறகு ஊர் திரும்பியதும் கிரெடிட் கார்டில் 340 யூரோ எடுத்திருந்தார்கள். காரணம், 'பின் கியர் தாங்கி சேதம்'. நான் முதல் நாளே படம் எடுத்து அனுப்பிய அதே வளைவு, அதே கீறல்! எனக்கு முன் எத்தனை பேரிடம் இந்தக் கீறலுக்குக் காசு வாங்கியிருப்பார்களோ என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சைக்கிள் சேதமானால் என்று கார்டில் வாங்கும் பிணைத்தொகை விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. பிடித்துவைத்தது தானாகவே விடுபடும். எடுத்துக்கொண்டதை நீங்கள்தான் போராடி வாங்க வேண்டும். எது நடக்கப்போகிறது என்பதை முன்பே எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், படங்கள், தேதியுள்ள மின்னஞ்சல், ஃபிஜாக் ரசீது மூன்றையும் வைத்து வங்கியில் ஆட்சேபம் பதிந்தோம். அந்த 340 யூரோ முழுவதுமாகத் திரும்பி வந்தது.

மற்றதற்கு நிறுவனம் சொன்ன பதில்: சைக்கிள் வேறொரு கடையினுடையது, அறை விடுதியின் பொறுப்பு, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே. இதை நம்பி விட்டுவிடாதீர்கள். 2018 ஜூலை முதல் பிரான்ஸில் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தொகுப்புப் பயண விதிகளின்படி, பல சேவைகளை ஒரே விலையில் சேர்த்து விற்றவரே அத்தனைக்கும் பொறுப்பு; வேலையை யாரிடம் ஒப்படைத்திருந்தாலும் சரி. சொன்னபடி தராத சேவைக்கு விலைக்குறைப்புக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அப்படி விற்பவர் பிரான்ஸில் இருந்து தொழில் செய்தால் 'அத்து பிரான்ஸ்' என்ற அரசுசார் அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஐ.எம். என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் ஒன்று இருக்கும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இணையதளத்தின் அடியில் அந்த எண்ணைத் தேடுங்கள். கிடைத்தால் பதிவேட்டில் இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சைக்கிளை நேரில் ஆள் வந்து ஒப்படைப்பாரா என்றும் கேளுங்கள். குகைச் சீட்டு அடங்கும் என்றால் பதிவு எண்ணை வாங்கி, குகை அலுவலகத்துக்கே எழுதிச் சரிபாருங்கள். கிராமத்துக்குள் அறை என்றால் விடுதியின் பெயரை எழுத்தில் கேட்டு, அந்த விடுதிக்கு நீங்களே போன் செய்யுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் நிறுவனத்துக்கு உங்கள் பணம் வேண்டாம்.

பிரான்ஸ் அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவில் எங்கள் புகாரைப் பதிந்திருக்கிறோம். அறை, குகைச் சீட்டு, டாக்ஸி, பிரேக் கட்டை ஆகியவற்றுக்கான தொகையைக் கேட்டுப் பயணத் துறையின் சமரச அமைப்புக்கும் எழுதியாகிவிட்டது. நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் முறையிட்ட நகல் இல்லாமல் சமரசத்துக்குப் போக முடியாது என்பதால், காவோரில் முதல் இரவு அனுப்பிய அந்த மின்னஞ்சலில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாக இணைத்திருக்கிறோம். பதில் வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.