மரப்பீப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சூடாக்கிய சவர்க்ராவுட்டைச் சூடாக்காத பச்சை என்று விற்ற சந்தைக் கடை

ஜேர்மனியில் வாரச் சந்தைகளில் சவர்க்ராவுட் (உப்புப் போட்டுப் புளிக்கவைத்த கோவா) வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு சந்தைக் கடையில் சோக்கட்டியால் எழுதிய பலகையில் "ரோ, ஆவுஸ் டெம் ஹோல்ட்ஸ்ஃபாஸ்" என்று இருந்தது. பச்சையானது, மரப்பீப்பாவிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். கிலோ 9 யூரோ 80 சென்ட். எதிரே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் அரைக் கிலோ பை ஒன்றரை யூரோவுக்கும் குறைவு. இவ்வளவு கூடக் கொடுத்து வாங்குபவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: புளிக்கவைத்த பக்டீரியா அதில் உயிரோடு இருக்க வேண்டும். மூன்று வாரம் வாங்கிய மூன்று பொதியிலும் அது இல்லை. மூன்றாவது வாரம் சந்தை கலையும் நேரத்தில், வண்டிக்குப் பின்னால் அடுக்கிய வெற்று வாளிகளின் மூடியில் "பாஸ்டொரிசியெர்ட்", அதாவது சூடாக்கிப் பக்டீரியாவைக் கொன்றது என்று அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. எல்லாம் பத்துக் கிலோ பிளாஸ்டிக் வாளிகள். அவற்றைப் பீப்பாவுக்குள் கவிழ்த்து, மேலே இரண்டு கோவா இலையையும் ஒரு கல்லையும் வைத்து விற்றிருக்கிறார்கள்.

கேட்டபோது, "இதுவும் புளிக்கவைத்த க்ராவுட்தானே?" என்பதுதான் பதில். இந்தப் பதிலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சவர்க்ராவுட் என்ற பெயரில் விற்பது எல்லாமே உப்புப் போட்டு லாக்டிக் அமிலத்தால் புளித்த வெள்ளைக் கோவாதான். வினாகிரி ஊற்றிச் செய்வது க்ராவுட்சலாட், அது வேறு சாமான். ஆகவே டின்னில் வருவது, போத்தலில் வருவது, சூப்பர் மார்க்கெட் பை எல்லாமே ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவைதான். பிறகு சூடாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "புளிக்கவைத்ததா?" என்று கேட்டால் எந்த வியாபாரியும் கூசாமல் ஆம் சொல்லலாம். கேட்க வேண்டியது "புளித்த பிறகு சூடாக்கினீர்களா?" என்பது. ஜேர்மன் மொழியில் "வூர்டெ எஸ் எர்ஹிட்ஸ்ட்?" என்று கேளுங்கள். கையோடு வாளி மூடியையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் பச்சையாக விற்பவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சூடாக்கிய க்ராவுட் கெட்ட சாப்பாடு அல்ல. உருளைக்கிழங்கோடும் இறைச்சியோடும் ஒரு மணி நேரம் வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் மலிவுப் பையே போதும். பச்சைக் க்ராவுட் வாங்கி வந்தாலும் சட்டி கொதித்தவுடன் பக்டீரியா செத்துவிடும். இங்கே குற்றம், ஒன்றைச் சொல்லி இன்னொன்றுக்குக் காசு வாங்கியது.

முதல் வாரமே பிடித்திருக்க வேண்டிய அடையாளங்கள் சில இருந்தன.

முதலாவது பை. பச்சைக் க்ராவுட்டைக் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, சமையலறையில் ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் பை உப்பும். மிச்சமிருக்கும் சீனியைப் பக்டீரியா தின்று வாயு விடுவதுதான் காரணம். இந்தக் கடைப் பை ஆறு நாள் தட்டையாகவே கிடந்தது. ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல மாதம் பழுத்த க்ராவுட்டில் சீனி முழுக்கத் தீர்ந்திருக்கும். அது உயிரோடிருந்தாலும் உப்பாது.

இரண்டாவது புளிப்பு. பீப்பாவில் உண்மையாகவே புளித்துக்கொண்டிருக்கும் க்ராவுட் வாரத்துக்கு வாரம் மாறும். இலையுதிர் காலத்துப் புதுக் க்ராவுட் மெல்லிய இனிப்போடு, பல்லில் நறுக்கென்று இருக்கும். குளிர்காலம் போகப் போகப் புளிப்பு ஏறும், நிறம் வைக்கோல் மஞ்சளாகும். இங்கே மூன்று வாரமும் ஒரே புளிப்பு, ஒரே மென்மை. சூடாக்கி நிறுத்திய சாமானுக்குத்தான் இப்படி ஒரே சுவை வரும்.

மூன்றாவது நிறம். அளவுக்கு மிஞ்சி வெள்ளையாக இருந்தால் அஸ்கோர்பிக் அமிலமோ கந்தக டயொக்சைட்டோ சேர்த்திருக்க இடமுண்டு. ஜேர்மனியில் பொதி கட்டாமல் அள்ளி விற்கும் சாமானுக்கும் இவற்றை அறிவிக்க வேண்டும். விலைச் சீட்டிலோ கடையில் தொங்கும் அறிவிப்பிலோ "மிட் அன்டிஒக்ஸிடாட்ஸியோன்ஸ்மிட்டல்" (நிறம் மாறாமல் காக்கும் பொருள் சேர்த்தது), "கெஷ்வேஃபெல்ட்" (கந்தகம் சேர்த்தது) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சூடாக்கியதை இவை காட்டித்தராது. ஆனால் தாத்தா காலத்துப் பீப்பா என்ற கதை பொய் என்பதைக் காட்டிவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் பலர் பாலில் ஒரு கரண்டி க்ராவுட் சாறு ஊற்றி, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். தயிருக்கு உறை குத்திய பழக்கம். அது இங்கே சரிவராது. சாற்றில் உள்ள அமிலமே பாலைத் திரித்துவிடும், செத்த க்ராவுட்டும் தேறிவிடும். பச்சைக் கோவாவில் சாறு ஊற்றிப் பார்ப்பதும் பயனில்லை, ஏனென்றால் கோவா இலையிலேயே இந்தப் பக்டீரியா இருக்கிறது. அது தானாகவே புளிக்கும்.

சரியான முறை இது. 200 கிராம் கோவாவைச் சிறிதாக வெட்டி, அரை லீற்றர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். 10 கிராம் உப்பும் ஒரு தேக்கரண்டி சீனியும் போட்டு, மூடியபடியே ஆறவிடுங்கள். கொதிநீரில் கழுவிய மூன்று போத்தல்களில் பங்கிடுங்கள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் சந்தேகமான க்ராவுட்டின் சாறு ஒரு மேசைக்கரண்டி. மூன்றாவதில் பச்சை என்று நிச்சயமாகத் தெரிந்த க்ராவுட்டின் சாறு ஒரு மேசைக்கரண்டி. ஒவ்வொரு போத்தலுக்கும் வேறு கரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையே வீண். மூடியைத் தளர்வாக வைத்து 20 முதல் 22 பாகை வெப்பத்தில் விடுங்கள். உயிருள்ள சாறு விழுந்த போத்தல் இரண்டு மூன்று நாளில் கலங்கி, குமிழி விட்டு, புளிப்பு மணம் தரும். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் இருந்தால் தினமும் அளந்து குறிக்கலாம். மதிப்பு நாளுக்கு நாள் இறங்கும். சந்தைக் கடைச் சாறு விழுந்த போத்தல் நாலாம் நாளும், ஒன்றும் சேர்க்காத போத்தலைப் போலவே தெளிவாக நின்றது. மூன்றையும் பிறகு கொட்டிவிடுங்கள். வேகவைத்த மரக்கறி நாட்கணக்கில் வெளியே இருந்தது, நாக்கில் வைத்துப் பார்க்கும் பொருள் அல்ல.

கடையில் போத்தலாக வாங்குபவர்களுக்கு வேலை சுலபம். குளிரூட்டாத தட்டில் இருந்தால் சூடாக்கியது. மூடியின் நடு உள்ளே குழிந்து, திறக்கும்போது "டிக்" என்று சத்தம் வந்தால் அதுவும் சூடாக்கியதுதான். உயிருள்ளது உள்ளே இழுக்காது, வெளியே தள்ளும். குளிர்ப்பெட்டியில் இருப்பதெல்லாம் பச்சை என்றும் நினைக்க வேண்டாம். "ஃப்ரிஷ்" (புதியது) என்ற சொல் எந்த உத்தரவாதமும் தராது. "மில்ட்" (புளிப்புக் குறைந்தது) என்றோ "வைன்சவர்க்ராவுட்" (வைன் சேர்த்தது) என்றோ இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். "நிஹ்ட் பாஸ்டொரிசியெர்ட்" அல்லது "நிஹ்ட் எர்ஹிட்ஸ்ட்" (சூடாக்காதது) என்று தெளிவாக அச்சடித்திருக்க வேண்டும். பலகையில் "ப்ரோபியோட்டிஷ்" (உடலுக்கு நல்ல பக்டீரியா உள்ளது) என்று பெரிதாக எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல. ஜேர்மனியில் அந்தச் சொல்லை உடல்நலம் பற்றிய கூற்றாகக் கருதுகிறார்கள். சட்டம் தெரிந்த தயாரிப்பாளர் அதை எழுதமாட்டார்.

முறையிட விரும்புபவர்கள் நகரத்தின் அல்லது மாவட்டத்தின் லேபன்ஸ்மிட்டல்யூபர்வாகுங் (உணவுக் கண்காணிப்பு) அலுவலகத்துக்குத் திகதி, சந்தை, கடை நின்ற இடம், பலகையின் படம், வாளி மூடியின் படம் ஆகியவற்றோடு எழுதலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குவிதி, உணவின் தன்மை பற்றியும் தயாரித்த முறை பற்றியும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்கிறது. பலகைப் படம் இல்லாமல் போனால் வாய்ப்பேச்சாகப் போய்விடும், முதலில் அதை எடுங்கள்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் வீட்டில் போடலாம். செலவு கோவாவும் உப்பும் மட்டும். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஃபில்டர் சமவெளியில் விளையும் கூம்பு வடிவக் கோவா கிடைத்தால் நல்லது, இலை மெல்லியது, நரம்பு குறைவு. கிடைக்காவிட்டால் இறுகிய சாதாரண வெள்ளைக் கோவா. பல வாரம் குளிர்க்கிடங்கில் கிடந்து வாடியதில் சாறு வராது.

வெளி இலையைக் கழற்றி, தண்டை வெட்டி, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். சீவியதை நிறுத்து, கிலோவுக்கு 20 கிராம் உப்பு. இதைக் கரண்டியால் அளக்கவே கூடாது. கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் எடையில் ஒன்றல்ல, முதல் முயற்சி கெடுவதற்கு இதுவே அடிக்கடி காரணம். உப்பு 15 கிராமுக்குக் குறைந்தால் க்ராவுட் குழையும். 30 கிராமுக்கு மேல் போனால் புளிப்பு மெதுவாக ஏறும், சில வேளை ஈஸ்ட் பிடித்து இளஞ்சிவப்பாகும். அயோடின் உப்பும் வேலை செய்யும். கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் சாற்றைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். மணத்துக்குக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி கியூமல் (கரவே விதை), நாலைந்து வாகோல்டர் (ஜூனிப்பர்) பழம். கியூமல் நம்முடைய நற்சீரகம் அல்ல. நற்சீரகத்துக்கு இங்கே க்ரொய்ட்ஸ்கியூமல் என்று பெயர். அதைப் போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் க்ராவுட் கறி மணக்கும்.

பத்து நிமிடம் கையால் பிசைந்து, அரை மணி நேரம் விட்டு, திரும்பவும் பிசையுங்கள். ஒரு பிடியை அழுத்தினால் சாறு ஒழுக வேண்டும். ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முஷ்டியால் இடித்து இறுக்குங்கள். 5 லீற்றர் ஜாடிக்கு மூன்றரைக் கிலோ சீவலும் 70 கிராம் உப்பும் அளவு. மேலே நாலு விரல் இடைவெளி விடாவிட்டால் முதல் வாரம் நுரைத்து மேசையில் வழியும். முழு இலையால் மூடி, மேலே பாரக்கல். சாறு கல்லுக்கு மேலே இரண்டு சென்டிமீற்றர் நிற்க வேண்டும். போதாவிட்டால் லீற்றருக்கு 20 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். வினாகிரி ஊற்றித் "தொடக்கி வைப்பது", தொடக்கித் தூள் வாங்குவது எல்லாம் தேவையற்ற செலவு.

முதல் மூன்று நாலு நாளில் லெயுகோனொஸ்டொக் என்ற பக்டீரியா இனம் வேலையைத் தொடங்கும். வாயு அதிகம், வீட்டில் கோவா நாற்றமும் வரும். அமிலம் ஏறியதும் அந்த இனம் ஒதுங்கிவிட, அமிலம் தாங்கும் லாக்டோபசில்லஸ் இனங்கள் மிச்சத்தை முடிக்கும். 18 முதல் 20 பாகையில் நாலு வாரம் ஆகும். பிஎச் மூன்றரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஹைசுங்குக்கு (அறையைச் சூடாக்கும் கருவி) பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் முதல் இனத்துக்கு நேரம் கிடைக்காது. பத்து நாளில் புளிக்கும், ஆனால் குழைந்து, மணம் தட்டையாக இருக்கும்.

மேலே வெள்ளைப் படலம் தட்டையாகப் படர்ந்தால் அது ஈஸ்ட், வழித்து எறியலாம். பஞ்சு போல முடி முளைத்து, பச்சை, கறுப்பு, சிவப்பு நிறம் காட்டினால் பூஞ்சணம், ஜாடி முழுவதையும் கொட்டுங்கள். சாறு நூலிழுத்தால் பெரும்பாலும் வெப்பம் கூடிவிட்டது. மேல் சீவல் பழுப்பானால் சாற்றுக்கு வெளியே நின்றிருக்கிறது. அதை மட்டும் எடுத்தால் போதும்.

நீர் விளிம்புள்ள கேர்டொப்ஃப் (புளிக்கவைக்கும் மண் ஜாடி) வைத்திருப்பவர்கள் அந்த விளிம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். சூடாக்கிய வீட்டில் ஒரு வாரத்தில் வற்றிவிடும், பிறகு காற்றுப் புகும். முதல் இரண்டு வாரம் "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று மூடியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே நிற்கும் காபனீரொட்சைட்டுத்தான் பூஞ்சணத்துக்குக் காவல். புளித்ததும் சின்னப் போத்தல்களில் சாறோடு நிரப்பி, மூடியை முழுக்க இறுக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாதக்கணக்கில் இருக்கும். மார்குமார் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள், தினமும் சாப்பிடத் தொடங்குமுன் டொக்டரிடம் சொல்லுங்கள், கோவாவில் விற்றமின் கே அதிகம், அது குளிசையின் வேலையைக் குறைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூறு கிராமில் இரண்டு கிராம் உப்பு போகிறது என்று கணக்கு வையுங்கள்.